மலையேறும் ஜீப்புக்கு டர்போ: ஒரு விமர்சனம்

விடியுமுன் போடிநாயக்கனூரிலோ கம்பத்திலோ சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்கு தெரிந்திருக்கும். கையில் தூக்குச்சட்டியும் தோளில் துண்டுமாகப் பெண்கள் ஜீப்புகளில் ஏறுவார்கள். மேற்கே மலைக்கு அப்பால், கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளில் காலையில் ஏறி மாலையில் இறங்கும் இந்த ஜீப்புகளை நம்பியே பள்ளத்தாக்கின் பட்டறைகள் பல பிழைக்கின்றன.

அத்தகைய ஜீப் ஒன்றின் சொந்தக்காரர், என்னிடம் முன்பு படித்தவர், சில மாதங்களுக்கு முன் வீட்டிற்கு வந்தார்.

"சார், மெட்டுல பாதி தூரம் ஏறுனதுமே வண்டி மூச்சு வாங்குது. டர்போ ஒண்ணு மாட்டிட்டா சும்மா அள்ளிக்கிட்டுப் போகும்ங்கிறாங்க. சீட்டு எடுத்த காசு கையில இருக்கு. மாட்டிரலாமா சார்?"

லாரியிலிருந்து கழற்றிய பழைய டர்போ ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார். அதை மாட்டினால் வண்டி மேட்டில் இழுக்கும், டீசல் மிச்சமாகும், புகை நின்றுவிடும் என்று மூன்று வாக்குறுதிகளும் கொடுத்திருக்கிறார். டர்போ விற்கும் இடங்களில் எல்லாம் காதில் விழும் பேச்சுத்தான் இது. முழுப் பொய்யாக இருந்தால் தள்ளிவிடலாம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் பொருத்தப்பட்ட இரண்டு சிறு சக்கரங்களே. எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனோடு சேர்ந்து சுழலும் மறு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் நடைமுறையில் வெற்றி காண அவர் இருபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1925-இல் இரண்டு ஜெர்மானியக் கப்பல்களில் டர்போ பொருத்தியபோது, 1750 குதிரைத்திறன் தந்த டீசல் எஞ்சின்கள் 2500 குதிரைத்திறன் தந்தன. இப்பொழுது இது நமக்கு அயல்நாட்டு அதிசயம் அன்று. ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் கூட்டோடு 1982-இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் தமிழ்நாட்டிலேயே டர்போக்களைச் செய்து வருகிறது.

மலைக்கும் டர்போவுக்கும் பழைய உறவு உண்டு. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விமான எஞ்சின்கள் சோர்ந்து போவதைத் தடுக்க, அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபர்டு மாஸ் 1918-இல் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை ஒரு வண்டியில் ஏற்றிப் பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டு போனார். அங்கு உயரம் 4300 மீட்டர். தரையில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவைச் சேர்த்ததும் 356 தந்தது. மலைக்குப் போகும் வண்டிக்கு டர்போ வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

ஆனால் நம் மலை எவ்வளவு உயரம்? போடி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு சுமார் 1400 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் 1013 மில்லிபார் என்றால் போடியில் ஏறக்குறைய 970, மெட்டில் ஏறக்குறைய 855. மேலே காற்று குளிர்ந்திருப்பதால் அதன் அடர்த்தி சற்றுக் கூடி, இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடும். எல்லாம் போக, நம் ஜீப்பின் எஞ்சினுக்கு உச்சியில் கிடைக்கும் காற்று அடிவாரத்தில் கிடைப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. பைக்ஸ் பீக்கில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. நண்பரின் வண்டி பாதி மலையிலேயே மூச்சு வாங்குகிறது என்றால், இந்தப் பத்தில் ஒரு பங்கு மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

அப்படியானால் மலையேற எவ்வளவு திறன்தான் தேவை? இது பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கக் கூடிய கணக்கு. ஆட்களோடு சேர்த்து ஜீப்பின் எடை 2000 கிலோ என்று கொள்வோம். ஏறும் உயரம் ஏறக்குறைய 1000 மீட்டர். எடையை உயரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆலும் பெருக்கினால் 1,96,00,000 ஜூல், அதாவது ஏறக்குறைய 2 கோடி ஜூல் வருகிறது. 40 நிமிடத்தில், அதாவது 2400 வினாடியில் ஏறுவதாகக் கொண்டால் வினாடிக்குச் சுமார் 8200 ஜூல். இது வெறும் 11 குதிரைத்திறன். டயர் உருள்வதற்கும் கியர்ப்பெட்டி உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் தாராளமாக ஒதுக்கினாலும் சராசரி 20 குதிரைத்திறனைத் தாண்டாது.

நண்பரிடம் இருப்பது மகிந்திரா ஜீப். 2112 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட பெஜோ டீசல் எஞ்சின். புதிதாக இருந்தபோது அது 60 குதிரைத்திறன் தந்தது. தேவையைப் போல மூன்று மடங்கு! இந்த விடையைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. மறுபடியும் ஒரு தாளில் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வண்டி ஏறக்குறைய நின்று திரும்புகிறது. திரும்பி முடிக்கும்போது எஞ்சின் நிமிடத்திற்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றுகளில் தடுமாறிக்கொண்டிருக்கும். அப்பொழுது தேவைப்படுவது குறைந்த வேகத்தில் கிடைக்கும் முறுக்கு விசை. டர்போவோ புகையின் வேகத்தில் வாழ்வது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகையும் குறைவு. சக்கரம் வேகம் பிடித்து, காற்றை அழுத்தி, அது சிலிண்டரை அடைந்து பயன் தருவதற்குள் ஜீப் அடுத்த வளைவை நெருங்கியிருக்கும்.

இதுவும் டர்போவின் அளவைப் பொறுத்தது. சிறிய சக்கரம் கொண்ட டர்போ சீக்கிரம் சுழலும், பெரியது நேரமெடுக்கும். லாரி டர்போ என்றாரே, அதை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குச் சற்றுக் குறைவான காற்றை உள்ளிழுக்கிறது. டாடா லாரிகளில் இருந்த 697 வகை எஞ்சினின் கொள்ளளவு 5675 கன செ.மீ. அது நிமிடத்திற்கு 2400 சுற்றில் இழுப்பது ஏறக்குறைய 5.8 கன மீட்டர் காற்று. நம் ஜீப் 2000 சுற்றில் இழுப்பதோ 1.8 கன மீட்டர்தான். லாரிக்கென்று செய்த டர்போவுக்கு ஜீப்பின் புகை எம்மூலைக்கு? கிணற்றுப் பம்பு செட்டின் தண்ணீரைக் கொண்டு பெரியாறு மின்நிலையத்தின் டர்பைனைச் சுற்ற வைக்க முயல்வது போன்றது அது. நண்பர் அதை வாங்கி மாட்டியிருந்தால், போடியிலிருந்து தேனி வரை சமதரையில் வேகமாகப் போகும்போது ஒருவேளை சிறிது பலன் தெரிந்திருக்கும். மலையில் பாரமாகவும் புகைக்குத் தடையாகவும் மட்டுமே இருந்திருக்கும்.

ஆகவே, டர்போதான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், மலைவண்டிக்குப் பொருந்துகிறவற்றில் மிகச் சிறியதைத் தேடுவதே முறை. சிறியது அதிவேகத்தில் மூச்சடைக்கும். மலையில் அதிவேகம் எங்கே வருகிறது? குதிரைத்திறன் எண்ணைப் பெரிதாகக் காட்டி விற்பவர்கள் இந்த எளிய பொருத்தத்தைப் பேசுவதே இல்லை. எந்தச் சுற்றில் அழுத்தம் தொடங்குகிறது என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை.

இனி வெப்பம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். டர்போவும் அப்படித்தான். 35 பாகை வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால் அது 90 பாகைக்கு மேல் சூடேறுகிறது. சூடேறிய காற்று விரிவதால், அழுத்தம் 50 சதவிகிதம் கூடியும் காற்றின் அளவு 25 சதவிகிதம்தான் கூடும். இடையில் இன்டர்கூலர் என்ற குளிர்விப்பானை வைத்து 55 பாகைக்குக் கொண்டுவந்தால் 40 சதவிகிதம் வரை பெறலாம். அதற்குத் தனிச் செலவு. மேலும், காற்று எரிபொருள் ஆகாது. கூடுதல் காற்றுக்கு ஏற்றபடி டீசல் பம்பையும் கூட்டி வைத்தால்தான் கூடுதல் திறன். கூட்டி வைத்தால் பிஸ்டன், ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர், கிளட்ச் ஆகிய அனைத்தும் அந்தக் கூடுதலைத் தாங்க வேண்டும். தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் எஞ்சின்களில் பிஸ்டனையும் அதைக் குளிர்விக்கும் ஆயில் வழியையும் டீசல் பம்பையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். பட்டறையில் மாட்டுவது டர்போவை மட்டும்தான்.

டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். நம் ஜீப்புகள் போடிமெட்டை அடைந்ததும் என்ன செய்கின்றன? டீக்கடை முன் நிறுத்திச் சாவியைத் திருப்பி எஞ்சினை உடனே அணைத்துவிடுகின்றன. மலையேறி வந்த கொதிப்பில் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்று, உள்ளிருக்கும் ஆயில் கருகிக் கரியாகப் படிகிறது. ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டலாம். டீ வாசனை வந்தபின் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள் என்பது வேறு கேள்வி.

டீசல் மிச்சமாகும் என்ற வாக்குறுதியை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3.6 கோடி ஜூல் ஆற்றல் உண்டு. அதில் கால் பங்கு சக்கரத்தை அடைவதாகக் கொண்டால், அந்த 2 கோடி ஜூலுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும். மலையின் உயரத்தையோ வண்டியின் எடையையோ டர்போ குறைக்கப் போவதில்லை. டர்போ எரிபொருளை மிச்சப்படுத்துவது, பெரிய எஞ்சின் செய்த வேலையைச் சிறிய எஞ்சினைக் கொண்டு செய்விக்கும்போதுதான். அதே எஞ்சினில் அதே சுமையோடு ஓட்டினால் மிச்சம் அற்பம். பம்பைக் கூட்டி வைத்தால் அதுவும் இல்லை.

புகை பற்றிய வாக்கு மூன்றில் நேர்மையானது. கரும்புகை என்பது போதிய காற்றின்றி அரைகுறையாக எரிந்த டீசல். உயரம் போகப் போகக் காற்று குறைகிறது. பழைய வகைப் பம்போ அடிவாரத்தில் அனுப்பிய அதே அளவு டீசலை மேலேயும் அனுப்புகிறது. கூடுதல் காற்று கிடைத்தால் புகை குறையத்தான் செய்யும். ஆனால் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், நாசல் தேய்ந்து டீசலைத் தூவாமல் ஒழுகவிட்டாலும், பம்பின் டைமிங் பிசகியிருந்தாலும் அதே புகைதான் வரும். நோயைப் பாராமல் மருந்து வாங்குவதில் என்ன பயன்?

இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது நண்பர் இடையில் ஒன்று சொன்னார்.

"இல்ல சார், டர்போ இருந்தா இன்னும் நாலு பேரை ஏத்தலாம்ல."

அதுவரை திறன், வெப்பம், அளவு என்று கணக்கோடு கணக்காகப் பேசி வந்தவன் சற்று நிறுத்த நேர்ந்தது. வண்டி காலையில் ஏறுகிறது என்பதை மட்டும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். மாலையில் அது இறங்க வேண்டும்.

ஏறும்போது சேர்த்த 2 கோடி ஜூலையும் இறங்கும்போது எங்காவது விட்டாக வேண்டும். அதை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களும் சேர்ந்து 40 கிலோ இரும்பு என்று கொள்வோம். ஒரு கிலோ இரும்பை ஒரு பாகை சூடேற்ற ஏறக்குறைய 500 ஜூல் வேண்டும். 2 கோடி ஜூலும் இந்த இரும்புக்குள்ளேயே போய்த் தங்கினால் வெப்பம் 1000 பாகை உயரும்! இரும்பு செக்கச் சிவந்துவிடும். நல்ல வேளையாக அப்படி நடப்பதில்லை. பெரும்பகுதியைக் காற்று எடுத்துச் செல்கிறது. கியரில் இறங்கும்போது எஞ்சினும் கணிசமாக வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் லைனிங் கருகும் நாற்றம் மலைப்பாதையில் போனவர் எவருக்கும் புதிதன்று. சூடேறிய லைனிங் பிடிமானத்தை இழக்கிறது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும் நிலை அதுதான்.

நான்கு பேர் கூடுதல் என்றால் சுமார் 220 கிலோ. அதே 1000 மீட்டருக்கு 22 லட்சம் ஜூலுக்கு நெருக்கமாகக் கூடுகிறது. டிரம்மின் கணக்கில் 100 பாகைக்கும் மேல். காலையில் அந்த நால்வரையும் டர்போ மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மாலையில் அவர்களைத் தாங்க டர்போவால் ஒரு துளியும் உதவ முடியாது. எஞ்சின் தரும் தடுப்பு அதன் சிலிண்டர் அளவையும் கியரையும் பொறுத்தது. டர்போ மாட்டுவதால் சிலிண்டர் பெரிதாவதில்லை. ஆகவே டர்போ வண்டியின் ஏறும் வலிமையை மட்டும் கூட்டி, இறங்கும் வலிமையைப் பழையபடியே விட்டுவைக்கிறது. டர்போ விற்பவர்களின் பேச்சில் நான் காணும் பெருங்குறை இதுவே. எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று சொல்பவர்கள், அதற்கேற்ப லைனிங்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக் கேட்டதில்லை.

டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் போட்டு இறக்குவதும், இன்னும் துணிந்து எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குவதும் நம் பக்கத்தில் சிலருக்குப் பழக்கம். எஞ்சின் தடுப்பை அது அடியோடு இழக்கச் செய்கிறது. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பு எஞ்சினோடு சேர்ந்தே ஓடுவதால், எஞ்சின் நின்றால் சில மிதிகளுக்குப் பின் பெடல் கல்லாகிவிடும். டர்போவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். நான்கு பேரை ஏற்றிச் சேர்க்கும் காசையும், நியூட்ரலில் இறக்கிச் சேர்க்கும் காசையும் ஒரே பையில்தான் போடுகிறார்கள் என்பதால் சொன்னேன்.

பெட்ரோல் காருக்கு டர்போ மாட்ட விரும்பும் கல்லூரி மாணவர்களும் தேனியில் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை வெளியிட்டது. அழுத்தி அடைத்த பெட்ரோல் கலவை, பொறி மூட்டிய தீ பரவி எட்டுமுன்பே தானாக வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும். பட்டறையில் இதைத்தான் நாக்கிங் என்கிறார்கள். அதைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒரு தனித் தொட்டியில் வைக்கப்பட்டிருந்தது. தொட்டி காலியானால் நிரப்ப வேண்டும்; பலர் மறந்தார்கள். 1963-ஆம் ஆண்டோடு அந்தக் கார் நின்றுபோயிற்று. பெரிய நிறுவனம் ஒன்று ஆராய்ச்சிக் கூடத்தில் செய்தும் இடறிய இடம் அது. டீசல் எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லாததால்தான் டர்போ அங்கே நிலைத்தது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நம் ஜீப்புகள் நாள்தோறும் இரண்டு மாநிலங்களின் சோதனைச் சாவடிகளைக் கடப்பவை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பர் கடைசியில் சீட்டுப் பணத்தை என்ன செய்தார்? பம்பையும் நாசல்களையும் கழற்றிச் சோதனை மேடையில் பார்த்தபோது நான்கில் இரண்டு நாசல்கள் தூவாமல் சொட்டின. ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே ஏலக்காட்டு மண்ணே இருந்தது. ரேடியேட்டரைக் கழுவி அடைப்பு நீக்கியதும், மேட்டில் ஏறிக்கொண்டிருந்த வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது. மிச்சமிருந்த பணத்தில் நான்கு சக்கரங்களுக்கும் லைனிங் மாற்றி, டிரம்களைக் கடைசல் பிடித்து, வீல் சிலிண்டர்களுக்கு ரப்பர் போட்டார். வளைவு முடிந்ததும் இரண்டாவது கியரில் திணறவிடாமல் முன்கூட்டியே முதல் கியருக்கு மாறப் பழகிக்கொண்டார். இது காசில்லாமல் கிடைத்தது.

டர்போ ஆசை அவரை விட்டுவிடவில்லை. டர்போவுடனேயே தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். இது சரியான கேள்வி என்பதால் நானும் மகிழ்ச்சியோடு போனேன். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத் தண்டை விரல்களால் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம். ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் அசைவு தெரியக் கூடாது. இறக்கைகளின் ஓரம் உரசியோ உடைந்தோ இருக்கக் கூடாது. அந்த வண்டியில் தண்டு முன்னும் பின்னும் ஆடியது. குழாய்க்குள் விட்ட விரலில் ஆயில் வழிந்தது. விற்பவர் உடனே விலையைக் குறைத்தார். நண்பர் வாங்கவில்லை. இப்போதைக்கு அந்தப் பழைய ஜீப்தான், முன்பு ஏற்றிய அதே ஆட்களோடு, காலையில் போடிமெட்டு ஏறிக்கொண்டிருக்கிறது.